கைதட்டலும் கல்லறையும்

ஆங்கில நாட்டு யார்க்ஷயர் பகுதியில் எட்லிங்டன் என்றோர் ஊர் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தால் எழுந்த ஊர் அது. 1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அங்கே 65 வயதுடைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் காலமானார். ஏழைகளுக்குரிய குழியில் அவரை அடக்கஞ் செய்தனர். தலைமாட்டில் பெயர் பொறித்த கல் ஒன்றேனும் நடப்படவில்லை. அவர்தாம் ஆர்தர் வார்ட்டன். ஒரு காலத்தில் திடல் நிறைந்த மக்கள் அவரது ஆட்டங்கண்டு ஆரவாரித்தனர் என்பதற்கு அம்மண்ணில் யாதோர் அடையாளமும் இருந்ததில்லை.

வார்ட்டன் 1865 அக்டோபர் 28ஆம் நாள் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா நகரிற் பிறந்தவர். இன்று கானா என வழங்கும் அந்நாடு அக்காலத்தில் கோல்டு கோஸ்ட் எனப்பட்டது. தந்தையார் மேற்கிந்தியத் தீவாகிய கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் பாதிரியார். தாயார் ஃபான்டி இனத்து அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 1880களில், வேத போதகராகப் பயிலும் பொருட்டு வார்ட்டன் இங்கிலாந்து சென்று டார்லிங்டன் நகரில் தங்கினார். ஆனால் அவரது உள்ளம் திடலையே நாடிற்று.

1886 ஜூலை மாதம் லண்டனில் நடந்த தேசிய ஓட்டப் பந்தயத்தில் 100 கெஜ தூரத்தைப் பத்தே வினாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். மறு ஆண்டும் அவரே வென்றார். காலனி நாட்டிலிருந்து வந்த கறுப்பு இளைஞர் ஒருவர், ஆளும் நாட்டாரை அவர்தம் தலைநகரிலேயே முந்தினார்! நிறத்தைக் கொண்டு ஆற்றலை அளந்தோர்க்கு இதனினும் தெளிவான விடை வேறென்ன வேண்டும்?

காற்பந்தில் அவர் கோல் காவலர். அக்காலச் சட்டம் எதிரணியார் கோல் காவலரைத் தோளால் இடித்துத் தள்ள இடந்தந்தது. ஆகவே அப்பணிக்கு உடல் உரமும் துணிவும் ஒருங்கே வேண்டும். பிரஸ்டன் நார்த் எண்ட் என்னும் புகழ்வாய்ந்த அணி அவரை அழைத்துக்கொண்டது. 1887இல் அவ்வணியுடன் தேசியக் கோப்பையின் அரை இறுதி வரை சென்றார். அவ்வாண்டே ஒரு பத்திரிகை அவரது நிறத்தைச் சுட்டி, தடித்த மண்டை உடையவரென எள்ளி எழுதிற்று. பந்தைத் தடுத்த கையை அது காணவில்லை. கையின் நிறத்தையே கண்டது.

ஊதியம் பெற்று ஆடுவதைக் காற்பந்துச் சங்கம் 1885இல்தான் அனுமதித்தது. 1889இல் ராதர்ஹாம் டவுன் அணியிற் சேர்ந்து வார்ட்டன் ஊதியத்துக்கு ஆடலானார். அவ்வாறு ஆடிய முதற் கறுப்பின ஆட்டக்காரர் அவரே என்று பெரும்பாலோர் கொள்வர். பின்னர் ஷெபீல்டு யுனைடெட் அணிக்காக 1895இல் சண்டர்லாந்து அணியை எதிர்த்தாடி, முதற் பிரிவில் ஆடிய முதற் கறுப்பினத்தவர் ஆனார். ஆயினும் அங்கே கோல் காவற்பணி இளைஞரான பில் ஃபௌல்க்கிடமே நிலைத்தது. அதன்பின் சிறிய அணிகள் பலவற்றில் ஆடி, 1902இல் ஸ்டாக்போர்ட் கவுண்டி அணியோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தது, பசி முடியவில்லை. வாரச் சம்பளம் நான்கு பவுனைத் தாண்டலாகாது என்ற விதி 1901இல் வந்திருந்தது. ஆட்டக்காரர்களின் நிலைத்த சங்கமோ 1907இல்தான் மான்செஸ்டரில் தோன்றிற்று. நுழைவுச் சீட்டு விற்ற பணம் அணிகளின் பெட்டியை நிரப்பிற்று. முதுமைக்கு வழி செய்வாரில்லை. எனவே, பத்து வினாடிகளில் ஓடிய அந்தக் கால்கள் சுரங்கத்தில் கரி வண்டிகளின் பின்னே நடந்தன.

1942இல் பழைய இரசிகர் ஒருவர் ஷெபீல்டு பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். வார்ட்டன் குதித்துக் கோல் கம்பத்தின் மேற்சட்டத்தைப் பற்றித் தொங்கியபடி, பாய்ந்து வந்த பந்தைக் கால்களுக்கிடையே பிடித்த காட்சியை அதில் வியந்து கூறினார். ஆட்டம் மறக்கவில்லை. ஆனால் ஆடியவர் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெயரின்றிக் கிடந்தார்! 1997இல்தான், காற்பந்தில் நிறவெறியை எதிர்ப்போர் முயற்சியால், அவர் கல்லறைக்குக் கல் வந்தது. 2003இல் ஆங்கிலக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2014இல் தேசியக் காற்பந்து நிலையமாகிய செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் அவருக்குச் சிலை எழுந்தது.

வாசகத் தோழர்களே! சிலை வைத்தமை நன்றே. ஆனால் சிலை சோறிடாது. தோட்டத்துச் செக்ரோலில் ஒருவன் உழைத்த நாள் பதியப்படும். மாலையில் அவன் திடலில் ஈட்டிய பெருமை எந்தப் பேரேட்டிலும் ஏறாது. நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் ஆடி ஓய்ந்தோர் எத்தனை பேர்! அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வரலாற்றைக் கேட்டு எழுதி வைப்போம், நலிந்தோர்க்குக் கைகொடுப்போம். கைதட்டல் கூலியாகாது. அறுபத்தேழு ஆண்டு கழித்து நட்ட கல் இதனையே நமக்கு உரைக்கின்றது.