பிடிக்கலைன்னு சொல்லலாம்... விளையாட்டே இல்லைன்னு சொல்லலாமா?

எங்க அதிராம்பட்டினத்துல கால்பந்துன்னா உயிரை விடுற கூட்டம் ஒண்ணு உண்டு. கிரிக்கெட்டைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாத கூட்டமும் உண்டு. "நாள் பூரா வெயில்ல நிக்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா?"ன்னு இவங்க கேட்பாங்க. "இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துறதுல என்னப்பா இருக்கு?"ன்னு அவங்க திருப்பிக் கேட்பாங்க. "எனக்குப் பிடிக்கலை"ன்னு சொன்னா சண்டையே வராது. ஆனா ரெண்டு பேருமே "அது ஒரு விளையாட்டே இல்லை"ன்னுதான் சொல்றாங்க. முதல் வாக்கியம் நம்ம ரசனை. ரெண்டாவது ஒரு தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைச் சொன்னவங்க சரித்திரத்துல அடிக்கடி தோத்துருக்காங்க. அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதல்ல சதுரங்கம். ஐரோப்பாவுல பழைய ஆட்டத்துல ராணி குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் நகர முடியும். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில விதி மாறி, ராணி பலகை முழுக்கப் பாய ஆரம்பிச்சாங்க. இந்தப் புது ஆட்டத்துக்கு பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் கிடைச்ச பட்டப்பெயர் என்ன தெரியுமா? "பைத்தியக்கார ராணி ஆட்டம்"! இன்னைக்கு நாம ஆடுறது அந்தப் பைத்தியக்கார ஆட்டத்தைத்தான் :-)

நம்ம நாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். இந்திய முறையில சிப்பாய்க்கு முதல் நகர்வுலயும் ஒரு கட்டம்தான். கோட்டை கட்டுறது கிடையாது. அதுக்குப் பதிலா ராஜா ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். பஞ்சாபில் பிறந்த சுல்தான் கான் இந்த முறையிலதான் ஆட்டம் பழகினார். 1929-ல் இங்கிலாந்து போனார். போன வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில, முன்னாள் உலகச் சாம்பியன் காப்பாபிளாங்காவையே தோற்கடிச்சார். "நாட்டு விதி"ன்னு ஒதுக்கக்கூடிய ஒரு ஆட்டத்துல வளர்ந்த மூளை அது!

இந்தியாவுல சர்வதேச விதிகளைப் பரப்பினவங்கள்ல முக்கியமானவர் நம்ம மானுவேல் ஆரோன். 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். அவர் சதுரங்கக் குழுக்களை ஆரம்பிச்சார். புத்தகங்களைப் படிங்கன்னு ஆட்டக்காரர்களைத் தூண்டினார். 1972-ல் சென்னை சோவியத் கலாச்சார மையத்துல தால் செஸ் கிளப் வந்துச்சு. ஆனந்த் பழகினது அங்கதான். ஆக, தனக்குப் பிடிச்ச ஆட்டத்தை வளர்க்கணும்னா, அதைச் சொல்லிக்கொடுக்கிற வழி ஒண்ணு இருக்கு. அடுத்தவன் ஆட்டத்தைத் திட்டித்தான் ஆகணும்னு அவசியம் இல்லை.

கிரிக்கெட்டுக்கு வருவோம். 1970களின் கடைசியில ஆஸ்திரேலியாவுல கெர்ரி பேக்கர் கலர் உடையும் ராத்திரி விளக்கு வெளிச்சமுமா ஆட்டம் நடத்தினப்ப, அதைப் "பைஜாமா கிரிக்கெட்"னு கிண்டல் பண்ணினாங்க. அதே கதை டி20-க்கும் நடந்துச்சு. 2007 உலகக் கோப்பைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தியா ஆடியிருந்தது ஒரே ஒரு சர்வதேச டி20 ஆட்டம்தான். செப்டம்பர் 24-ல் பாகிஸ்தானை 5 ரன்ல ஜெயிச்சதும் நிலைமையே மாறிப்போச்சு. அடுத்த வருஷமே ஐபிஎல். அதுக்காக டெஸ்ட் ரசிகர் டி20-யை ரசிச்சே ஆகணுமா? வேண்டவே வேண்டாம். "எனக்கு அஞ்சு நாள் ஆட்டத்தோட நிதானம்தான் பிடிக்கும்"னு சொன்னா அது அழகான பேச்சு. "அதெல்லாம் கிரிக்கெட்டா?"ன்னு கேட்டாத்தான் வம்பு.

இப்படிச் சொல்றதால யாருக்கு நஷ்டம்? கேரமைப் பாருங்க. வேலை வெட்டி இல்லாதவன் ஆட்டம்னு எத்தனை வீட்டுல திட்டு விழுந்திருக்கும்! சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் அதே ஸ்ட்ரைக்கரையும் காயினையும் வச்சு ரெண்டு தடவை உலகச் சாம்பியன் ஆனார். 1996-க்கான அர்ஜுனா விருதும் வாங்கினார். 2024-ல் அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பையில, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூணு தங்கம் ஜெயிச்சார். கிரிக்கெட் மட்டை வாங்க வசதியில்லாத தெருவுலயும் ஒரு கேரம் போர்டு இருக்கும். அந்த ஆட்டத்தை மட்டம் தட்டினா, அதை மட்டுமே வச்சு மேலே வரப் பார்க்கிற பிள்ளையையும் சேர்த்துத்தான் தட்டுறோம்.

கடைசியா, காமர்ஸ் மாணவன்கிறதால ஒரு சட்ட உதாரணம் :-) ரம்மி சூதாட்டமாங்கிற கேள்வி 1968-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துச்சு (ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா). மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம், ஆனா ரம்மியில எந்தச் சீட்டு விழுந்ததுன்னு ஞாபகம் வைக்கணும், எதை வச்சுக்கணும் எதைப் போடணும்னு யோசிக்கணும், அதனால அது பெரும்பாலும் திறமைன்னு நீதிமன்றம் சொன்னது. அதே சமயம், அதை வச்சு கிளப் லாபம் பார்த்தா அது வேற விஷயம்னும் எச்சரிச்சது. ஆட்டம் எப்படி ஆடப்படுதுன்னு பார்த்துட்டுத்தான் பேசினாங்க. ஆட்டத்தையும் அதைச் சுத்தி ஓடுற பணத்தையும் தனித்தனியாப் பிரிச்சாங்க. இன்னைக்கு ஆன்லைன் ரம்மியால குடும்பங்கள் அழியுதேங்கிற கோபம் நியாயமானதுதான். ஆனா அந்தக் கோபம் போக வேண்டிய இடம் பணம், சீட்டுக்கட்டு இல்லை.

நமக்கும் இதே அளவுகோல் போதும். பிடிக்காத ஆட்டத்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அதோட விதியைத் தெரிஞ்சுக்குவோம். எது பிடிக்கலைன்னு குறிப்பாச் சொல்லுவோம். ஆட்டத்தைப் பத்திப் பேசுவோம், ஆடுறவனை விட்டுடுவோம். முடிஞ்சா, "இதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?"ன்னு ஒரு கேள்வி கேட்போம். பதிலைக் கேட்ட பிறகும் பிடிக்கலையா? தாராளமா "எனக்குப் பிடிக்கலை"ன்னே சொல்லுங்க. அதுல எந்தத் தப்பும் இல்லை.