மெழுகுதிரித் திருநாள்

மெழுகுதிரித் திருநாள்: குழந்தை இயேசுவை எருசலேம் கோவிலில் காணிக்கையாக்கியதை நினைவுகூரும் கிறித்தவ விழா. கிறிஸ்துமஸ் தொடங்கி நாற்பதாம் நாளான பிப்ரவரி 2-இல் வருகிறது. தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாட்டு நாள்காட்டியில் இதன் பெயர் 'ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்தல்'.

ஆண் குழந்தை பெற்றவள் நாற்பது நாள் கழித்துப் பலி செலுத்த வேண்டும் என்பது மோசேயின் சட்டம் (லேவியர் 12). ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர் இரண்டு புறாக்கள் கொடுக்கலாம். லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரம் மரியா, யோசேப்பு விஷயத்தில் அந்தப் புறாக்களையே குறிப்பிடுகிறது. கோவிலில் முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி, பிற இனத்தாருக்கும் வெளிச்சம் வந்துவிட்டது, இனி நிம்மதியாகக் கண்மூடுவேன் என்கிறார். மெழுகுதிரிக்கு வேர் இந்தக் காட்சிதான்.

விழாவைப் பற்றிய மிகப் பழைய சான்று எகேரியா என்ற பெண் பயணியுடையது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமில் தங்கிய அவர், திருக்காட்சி விழாவிலிருந்து நாற்பதாம் நாளில், அதாவது பிப்ரவரி 14-இல், பாஸ்காவைப் போன்ற மகிழ்ச்சியோடு பவனி நடந்ததாக எழுதுகிறார். திரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையே கோவில் கட்டிய இக்கேலியா என்ற சீமாட்டியே இவ்விழாவில் மெழுகுதிரி ஏந்தும் வழக்கத்தைத் தொடங்கினார். 542-இல் பேரரசர் யுஸ்தினியான் காலத்தில் கான்ஸ்தாந்திநோபிளில் விழா பிப்ரவரி 2-க்கு மாறியது. உரோமையில் இதற்குப் பவனி ஏற்படுத்தியவர் திருத்தந்தை முதலாம் செர்ஜியு (687–701). லூப்பர்காலியா என்னும் உரோமை விழாவின் மறுவடிவமே இது என்பார் சிலர், அது பொருந்தாது. எருசலேமில் பிறந்த விழாவுக்கு உரோமையில் மூலம் தேட வேண்டியதில்லை.

இடைக்கால உரையாசிரியர்கள் தேன்மெழுகைக் கிறிஸ்துவின் உடலாகவும், உள்ளிருக்கும் திரியை ஆன்மாவாகவும், சுடரை இறைத்தன்மையாகவும் கண்டார்கள். மக்கள் கண்டது வேறு. மந்திரித்த திரியை வீட்டில் பத்திரப்படுத்தி, இடி மின்னலின்போதும் சாகக் கிடப்பவர் அருகிலும் ஏற்றினார்கள். இரண்டில் எது ஆழமானது என்று சொல்வது கடினம்.

பிப்ரவரி 2, குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கும் வசந்தகாலச் சமபகல் நாளுக்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது. டிசம்பர் கடைசியில் எட்டு மணி நேரத்தைத் தொடாத லண்டன் பகல், இந்நாளில் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஜெர்மானியக் கிராமங்களில் விளக்கு வைத்துச் செய்யும் வேலை அன்றோடு முடிந்தது. பண்ணையாட்கள் கணக்குத் தீர்த்துக் கூலி வாங்கி எஜமானை மாற்றிக்கொண்டதும் இந்நாளில்தான். வெளிச்சம் கூடுவது அவர்களுக்கு மறைபொருள் அல்ல, கண்ணெதிர் நடப்பு. பனியிலிருந்து முளைக்கும் வெண்பூவை ஆங்கிலேயர் மெழுகுதிரித் திருநாள் மணி என்றழைத்தார்கள். ஆர்மேனியர் இதே விழாவுக்குப் பிப்ரவரி நடுவில் நெருப்பு மூட்ட, புதுமணத் தம்பதிகள் அதைத் தாண்டுகிறார்கள்.

சீர்திருத்த காலத்தில் இங்கிலாந்து 1548-இல் திரி மந்திரிப்பதைத் தடைசெய்தது. 'மரியாவின் தூய்மைச் சடங்கு' என்ற பழைய பெயரைக் கத்தோலிக்கத் திருச்சபையின் 1969-ஆம் ஆண்டு நாள்காட்டி கைவிட்டது. 1997 முதல் இந்நாள் துறவற வாழ்வுக்கான உலக நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. இன்றும் குரு கோவில் வாசலில் திரிகளை மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, மக்களைப் பவனியாக உள்ளே அழைத்துச் செல்கிறார்.