அருவியும் நிழற்படமும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஒன்றுக்கொன்று மிகத் தொலைவிலுள்ள இரு இடங்களில் ஒரே காட்சி தோன்றுகிறது. தெற்கே குற்றாலத்தில் சாரல் விழுந்து அருவிகள் பெருக்கெடுக்கின்றன. வடக்கே மும்பையை அடுத்த பீவ்புரியிலும் கார்கரிலும் மலைச் சரிவுகளில் வெண்ணிற நீர்க்கோடுகள் இறங்குகின்றன. தபதி ஆறு முதல் குமரிமுனை வரை நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்றே. அதன்மீது மோதும் அக்காற்றும் ஒன்றே. ஆதலால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் மழைக்காலத்து ஞாயிறுகளில் புறநகர் ரயிலேறி அருவி காணச் செல்வது, ஒருவகையில் தம் மலையையே காணச் செல்வதாகும்.

அவ்வாறு செல்வோர் எடுத்துவரும் படங்கள் சிலவற்றில் நீர் துளித்துளியாகத் தெரிவதில்லை. பட்டுத் துணியை விரித்தாற்போல வழுவழுவென்று காணப்படுகிறது. இது உண்மைக் காட்சியா, அன்றி வெறும் ஒப்பனையா? இவ்வினாவுக்கு விடை காணச் சற்றே பழங்கதை அறிதல் வேண்டும்.

நிழற்படம் பிறப்பதற்கு முன்னரே நம் அருவி ஒன்று காமிராவோடு தொடர்புற்றது. தாமஸ் டானியல், வில்லியம் டானியல் என்னும் ஆங்கிலேய ஓவியர் இருவர் 1792-ல் தென்னாட்டில் பயணம் செய்தனர். லென்ஸ் வழியே வெளிக்காட்சியைத் தாளின்மீது விழச்செய்யும் இருட்டுப் பெட்டியின் துணைகொண்டு வரைவது அவர்கள் வழக்கம். பாபநாசத்து அருவியைத் தீட்டிய அவர்களது ஓவியம், பின்னர் 'ஓரியண்டல் சீனரி' என்னும் அவர்களுடைய பெருந்தொகுப்பில் வெளியாயிற்று. பெட்டி காட்சியைக் காட்டிற்று. ஆனால் ஓடும் நீரை எவ்வாறு காட்டுவது என்பதை ஓவியனின் தூரிகையே முடிவு செய்தது.

ஒளியே ஓவியனாகியபோது நிலைமை மாறிற்று. பாரிஸில் தாகேர் என்பார் 1838-ல் தம் நகரத்துப் பெருவீதி ஒன்றைப் படமெடுத்தார். தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் சென்றன. அதனால் வீதியில் சென்ற வண்டிகளும் மக்களும் படத்தில் மறைந்தே போயினர். ஓரிடத்தில் நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொண்ட ஒருவரும், அப்பணியைச் செய்த தொழிலாளியின் மங்கலான உருவமுமே எஞ்சினர். அசைவது மறையும், நிற்பது நிலைக்கும் என்னும் விதியை அப்படம் உலகுக்கு உணர்த்திற்று.

நம் நாட்டில் பம்பாய் நிழற்படச் சங்கம் 1854-லும் சென்னைச் சங்கம் 1856-லும் தோன்றின. பம்பாய்ச் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினருள் நாராயண் தாஜி என்னும் மருத்துவரும் ஒருவர். பிரடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-ல் வெளியிட்ட ஈரக் கண்ணாடித் தகட்டு முறை அக்காலத்தில் பரவியது. கண்ணாடியில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி உப்பு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனே கழுவி முடித்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஈரம் விரைந்து உலர்ந்தமையால் இது கடினமான வேலை. 1863-ல் இந்தியா வந்து இமயத்தில் மும்முறை பயணம் செய்த சாமுவேல் போர்ன், கண்ணாடித் தகடுகளையும் மருந்துகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமக்கப் பல பத்துக் கூலியாட்களை உடன் அழைத்துச் சென்றார்.

இத்தகடுகள் ஒளியை மெல்லவே ஏற்றன. நல்ல வெளிச்சத்திலும் சில நொடிகள் தேவைப்பட்டன. அதற்குள் அருவியின் துளிகள் எத்தனையோ அடி கடந்துவிடும். ஆகவே அக்காலத்து அருவிப் படங்களிலெல்லாம் நீர் வெண்புகையாகவே பதிந்தது. அது எவரும் விரும்பிச் செய்த அழகன்று. தகட்டின் இயலாமையே ஆகும்.

1871-ல் மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்ந்த ஜெலட்டின் தகட்டுக்கு வழி கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் தகடுகளின் வேகம் பெருகிற்று. நொடியின் சிறு கூறுக்குள் திறந்து மூடும் ஷட்டர்கள் வந்தன. பாயும் குதிரையும் பறக்கும் துளியும் படத்தில் அசையாது நின்றன. இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வேகம் கைவந்த பின்னர், இழந்த மந்தத்தைக் கலைஞர்கள் விரும்பித் தேடினர். அதற்குத் துணை நிற்பதே நியூட்ரல் டென்சிட்டி பில்டர் என்னும் சாம்பல் நிறக் கண்ணாடி. இது எந்நிறத்தையும் மாற்றாமல் எல்லா ஒளியையும் ஒரே அளவில் குறைக்கிறது. நல்ல வெயிலில் 1/100 நொடி போதுமெனில், ஒளியை 64-இல் ஒரு பங்காக்கும் கண்ணாடியை மாட்டினால் அரை நொடிக்குச் சற்று மேலாகும். 1000-இல் ஒரு பங்காக்கினால் 10 நொடியாகும். காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தினால் பாறை கூர்மையாகவும் நீர் பட்டாகவும் பதியும்.

அப்படியாயின் இது பொய்யா? நம் முன்னோர் இட்ட பெயர்களைக் கேளுங்கள். ஒகேனக்கல் என்பது கன்னடத்தில் புகையும் பாறை என்று பொருள்படும். கோவா எல்லையிலுள்ள தூத்சாகர், பாற்கடல் எனப் பெயர் பெற்றது. குற்றாலத்துப் பேரருவி இடையில் விழுந்து எழும் பள்ளம் பொங்குமாங்கடல். காமிரா அறியாத மக்களும் அருவியைப் புகையாகவும் பாலாகவுமே கண்டனர். கண்ணும் விரைந்து விழும் துளிகளைத் தனித்தனியே பிரித்தறிவதில்லை அன்றோ?

எனினும் எச்சரிக்கை ஒன்று உண்டு. நீண்ட நேரம் பதியும் படம், இடையிடையே விழும் நீரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. மெலிந்த ஓடையும் செழித்த அருவிபோல் தோன்றக்கூடும். 1862-ல் சென்னை மாகாணத்திலிருந்து பம்பாய் மாகாணத்துக்கு மாறிய வட கன்னடத்தின் எல்லையில், 830 அடி வீழும் ஜோக் அருவி உள்ளது. அங்கே 1948-ல் நீர்மின் நிலையம் இயங்கலாயிற்று. 1964-ல் லிங்கனமக்கி அணை எழுந்தது. அணை நீரைத் தேக்கியபின் அருவியின் பெருக்கு குறைந்தது. அன்றைய பெருக்கையும் இன்றைய பெருக்கையும் படங்களைக்கொண்டு ஒப்பிட விழைவோர், ஒவ்வொரு படமும் எந்த மாதத்தில், எத்தனை நொடியில் எடுக்கப்பட்டது என்று வினவாமல் முடிவு கூறலாகாது.

ஆகவே அருவியைப் படமெடுக்கும் அன்பர்கள் ஒரே இடத்திலிருந்து இரு படங்கள் எடுத்தல் நன்று: ஒன்று விரைந்த ஷட்டரில், மற்றொன்று மந்த ஷட்டரில். முன்னது நீரின் அளவைச் சொல்லும்; பின்னது நீரின் ஓட்டத்தைச் சொல்லும். இடம், நாள், நொடிக் கணக்கு ஆகிய மூன்றையும் குறித்துவைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் மலைநீர் நொடிப்பொழுதில் பெருகும் இயல்பினது. கார்கரின் பாண்டவ்கடா அருவியில் உயிர்கள் பலியானமையால் அங்கே செல்வதற்குத் தடை விதிக்கப்படுவதுண்டு. தடையை மதித்து, பாசி படர்ந்த பாறையை விட்டு விலகி, கரையில் உறுதியான தரையில் முக்காலியை நிறுத்துவோமாக. பிள்ளைகள் வளர்ந்தபின் பீவ்புரிப் படத்தையும் குற்றாலப் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால், இரண்டும் ஒரே மலையின் நீர் என்பது அவர்களுக்கு எளிதில் விளங்கும்.