நிர்மல்ஜித் சிங் செகோன்

இந்திய விமானப்படையின் வரலாற்றில், நாட்டின் மிக உயரிய போர்க்கால வீரவிருதான பரம் வீர் சக்ரா பெற்றவர் ஒருவர்தான்: பிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் செகோன். இதுவரை அவ்விருது பெற்ற 21 பேரில் மற்ற அனைவரும் தரைப்படையினர். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வான்பரப்பில் சில நிமிடங்களே நீடித்த ஒரு சண்டைக்காக, இறந்தபின் அவருக்கு இது வழங்கப்பட்டது. அவர் எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினார் என்ற கேள்வியிலேயே அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சுற்றிவருகின்றன. ஆனால் இந்த விருதின் அடிப்படை அந்த எண்ணிக்கையில் இல்லை. அவர் ஓடுதளத்தை விட்டு மேலெழுந்த அந்த முடிவில் இருக்கிறது.

லூதியானா மாவட்டத்தின் இஸ்ஸேவால் கிராமத்தில் பிறந்த செகோன், 1967 ஜூன் 4 அன்று விமானியாகப் பணியில் சேர்ந்தார். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது 18ஆவது ஸ்குவாட்ரனில் 'நாட்' ரகப் போர்விமானம் ஓட்டிவந்தார். நாட் மிகச் சிறியது, எடை குறைந்தது. இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள் பொருத்தியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து நின்று பெயர் வாங்கியது. காஷ்மீரில் மட்டும் நிலைமை வேறு. 1948 முதல் நடப்பிலிருந்த சர்வதேச உடன்பாட்டின்படி, போர் மூளும்வரை ஸ்ரீநகரில் வான்காப்பு விமானங்கள் நிறுத்தப்படவில்லை. ஆகவே அங்கே அனுப்பப்பட்ட விமானிகளுக்கு அந்த மலைகளும் பழக்கமில்லை, அந்த உயரத்துக் குளிரும் பழக்கமில்லை. இவ்விரண்டையும் விருதுச் சான்றுரையே குறிப்பிடுகிறது.

டிசம்பர் 14 காலை பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் ஸ்ரீநகர் விமானத்தளத்தைத் தாக்க வந்தன. புறப்படத் தயார்நிலையில் இருந்தவை இரண்டு நாட் விமானங்கள். முன்னே சென்ற விமானம் கிளப்பிய புழுதியில் ஓடுதளம் மறைந்தது. செகோனால் உடனே பின்தொடர முடியவில்லை. புழுதி அடங்கியபோது சேபர்கள் தலைக்குமேல் வந்து சுடத் தொடங்கிவிட்டன. போர்விமானம் மிகவும் பலவீனமாக இருப்பது ஓடுதளத்தில் வேகம் பிடிக்கும் அந்த நொடிகளில்தான்: திரும்ப முடியாது, ஒதுங்க முடியாது, எதிர்த்துச் சுடவும் முடியாது. அந்த நிலையில்தான் அவர் கிளம்பினார். மேலெழுந்த கையோடு இரண்டு சேபர்களைத் துரத்தினார். முன்னே சென்ற நாட், மூடுபனியில் அவர் கண்ணுக்குப் படாமல் போனது. மரங்களின் உச்சிக்கு நெருக்கமாக நடந்த சண்டையில் மற்ற சேபர்களும் சேர்ந்துகொள்ள, அவருடைய விமானம் வீழ்ந்தது. சிதைவுகள் பின்னர் ஒரு மலைப்பள்ளத்தில் கிடைத்தன; உடல் கிடைக்கவேயில்லை.

அவர் சேபர்களை வீழ்த்தினார் என்று பல இந்திய நூல்கள் எழுதுகின்றன. அன்று ஒரு விமானத்தையும் இழக்கவில்லை என்பது பாகிஸ்தான் தரப்பு. இதைக் கொண்டு, விருதே மிகைப்படுத்தலின் மேல் நிற்கிறது என்று வாதிடுவோரும் உண்டு. இந்த வாதம் நிற்காது. சான்றுரை கூறுவது, இரண்டு எதிரி விமானங்களைச் சேதப்படுத்தினார் என்பது மட்டுமே. வீழ்த்தியதாக அது உரிமை கோரவில்லை. வான்சண்டையில் கணக்கு பிசகுவது புதிதும் அல்ல: அதே ஆண்டு நவம்பர் 22 அன்று இந்திய நாட் விமானங்கள் போரிட்ட போய்ரா சண்டையில் மூன்று சேபர்கள் வீழ்ந்ததாகக் கருதப்பட்டது, சேதமடைந்த ஒன்று தளம் திரும்பியது பிறகே தெரிந்தது. போய்ரா விமானிகளின் திறமையை அது குறைத்துவிடவில்லை. செகோனின் விமானத்தை வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பேக் மிர்சாவே பின்னாளில் அவருடைய துணிவைப் பாராட்டி எழுதினார் என்பது, எண்ணிக்கையைவிட வலுவான சான்று. எதிரியைப் பாராட்டி அவருக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை.

இன்னொரு எதிர்ப்பு சற்றுக் கனமானது. குண்டு விழும் ஓடுதளத்திலிருந்து கிளம்புவது வீரமா, விவேகமின்மையா? பதுங்கியிருந்தால் ஒரு விமானியாவது மிஞ்சியிருப்பாரே? ஆனால் முன்னே சென்ற விமானத்தில் இருந்த அவருடைய அணித்தலைவர் ஏற்கெனவே மேலே போய்விட்டார். துணைவிமானியான செகோன் தரையிலேயே தங்கினால், ஆறு பேருக்கு நடுவே தலைவர் தனியாளாகிவிடுவார். தரையில் நிற்கும் நாட் விமானமும் எளிய இலக்காகும். ஸ்ரீநகரைக் காக்க வந்த கருவியைத் தரையிலேயே இழப்பதா, அதைக் கொண்டு போரிடுவதா என்பதுதான் அங்கே இருந்த தேர்வு. உயிராபத்தைத் தெரிந்துகொண்டே அவர் இரண்டாவதை எடுத்தார் என்று நான் கொள்கிறேன். இதை வெறும் கடமை என்று சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு.  ஆனால் எதிரியின் முன்னிலையில் அந்தக் கடமை எந்த எல்லைவரை சென்றது என்பதையே பரம் வீர் சக்ரா அளக்கிறது.

பிற்காலத்தில், பரம் வீர் சக்ரா பெற்றோரின் பெயர்களைத் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குச் சூட்டிய இந்தியக் கப்பல் கழகம், அவற்றில் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. லூதியானாவில் சிலை எழுந்தது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமான் நிக்கோபாரில் 21 தீவுகளுக்கு இவ்விருதாளர்களின் பெயர்கள் இடப்பட்டபோது ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது. இத்தகைய நினைவிடங்களில் பொறிக்கப்படும் வாசகங்கள் சான்றுரையின் அளவோடு நிற்பதே அவருக்குச் செய்யும் நியாயம். வீழ்த்திய விமானங்களின் கணக்கைச் சேர்த்தால், அவர் செய்ததை விட்டுவிட்டு, நிறுவப்படாத ஒன்றுக்காக அவரைப் போற்றுவதாகிவிடும்.