அருவருப்பின் மறுபிறப்பு: ஒரு வீடியோ விளையாட்டின் வரலாற்றுப் பின்னணி

ஆவணமொன்றை எதிர்கொள்ளும் வரலாற்று மாணவன் முதற்கண் வினவுவது அஃது எக்காலத்தது என்பதாகும். 2022ஆம் ஆண்டில் வெளியான ‘கார்பேஜ் பேல் கிட்ஸ்: மேட் மைக் அன்ட் த குவெஸ்ட் ஃபோர் ஸ்டேல் கம்’ என்னும் வீடியோ விளையாட்டு இவ்வினாவை வேண்டுமென்றே குழப்புகின்றது. தாவியும் தாக்கியும் முன்னேறும் ஆட்டமுறை, சிறு சதுரங்களாலான உருவங்கள், ஒலி யாவும் 1980களுக்குரியன. பழைய நின்ரெண்டோ பொறியில் இயங்கத்தக்க கசற்றாகவும் அது வெளியிடப்பட்டது. ஆயின் அத்தசாப்தத்தில் அப்பொறிக்கு இவ்விளையாட்டு வந்ததேயில்லை. நிகழாத கடந்தகாலத்தின் எச்சமாக அது தன்னைக் காட்டிக்கொள்கின்றது.

இதன் மூலம் பொம்மைச் சந்தையிலே உள்ளது. 1983ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்கக் கடைகளிற் பெற்றோர் கைகலக்குமளவுக்கு ‘கபேஜ் பட்ச் கிட்ஸ்’ பொம்மைகள் மீது மோகம் எழுந்தது. ஒவ்வொரு பொம்மையும் தத்தெடுப்புப் பத்திரத்துடன் விற்கப்பட்டது. பிள்ளைப் பாசமே பண்டமாயிற்று எனலாம். இதனை எள்ளிநகையாடி 1985இல் டொப்ஸ் கம்பனி சுவிங்கத்துடன் ஒட்டு அட்டைகளை விற்கத் தொடங்கியது. ஆட் ஸ்பீகல்மன், மார்க் நியூகார்டன் ஆகியோர் இம்முயற்சியில் முன்னின்றனர்; ஜோன் பவுண்ட் ஓவியந் தீட்டினார். மூக்கொழுகும், வாந்தியெடுக்கும் குழந்தைகளே அவற்றின் நாயகர். அவருள் ‘அடம் பொம்’ என்பவன் பொத்தானை அழுத்த, அவன் தலையுச்சியிலிருந்து அணுகுண்டுப் புகை காளானாய் எழுகின்றது. பனிப்போரின் அச்சத்தைப் பள்ளிச் சிறுவரின் சட்டைப்பைக்குள் வைத்த ஓவியம் அது. நாசி வதைமுகாம்களின் கொடுமையைக் கூறும் ‘மௌஸ்’ சித்திரநூலுக்காக 1992இல் புலிற்சர் சிறப்புப் பரிசு பெற்றவரும் இதே ஸ்பீகல்மன்தான் என்பது மனங்கொளத்தக்கது. அருவருப்பை வெறுங் கீழ்மையெனத் தள்ளுவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

பாடசாலைகள் பல இவ்வட்டைகளைத் தடைசெய்தன. பொம்மையின் உரிமையாளர் வழக்குத் தொடர, அங்கதம் என்ற டொப்ஸின் வாதத்தை 1986இல் ஜோர்ஜியாவிலிருந்த சமஷ்டி நீதிமன்று ஏற்கவில்லை. இலாபமே முதன்மை நோக்கமெனக் கண்டு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் இணக்கத்தின்பேரில் உருவமைப்பையும் இலச்சினையையும் மாற்ற டொப்ஸ் உடன்பட்டது. நீதிமன்றின் கருத்து முற்றிலும் தவறன்று. சந்தையைப் பழித்த அங்கதமும் சந்தையிலேயே விலைபோனது.

இனி விளையாட்டுக்கு மீள்வோம். பவுண்டின் ஓவியத்தில் அருவருப்பூட்டியது அதன் நுணுக்கமாகும்: சளியின் பளபளப்பு, தோலின் மடிப்பு. பழைய நின்ரெண்டோ பொறியிலோ அசையும் உருவத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று நிறங்களே கிடைக்கும். அவ்வெல்லைக்குள் சளி வெறும் பச்சைப் புள்ளியாகிவிடுகின்றது. 1985இல் ஆசிரியர் பறித்தெடுத்த அட்டை, 2022இல் நடுவயதினரின் ஏக்கத்துக்குரிய பொருளாயிற்று. அவ்வேக்கத்துக்கும் விலை குறிக்கப்பட்டது. விளையாட்டின் மாந்தர் தேடியலைவதோ பொக்கிஷமன்று, பழுதடைந்த சுவிங்கம். முன்னர் அட்டைப் பொதியோடு இலவசமாய் வந்து, பெரும்பாலும் மெல்லவியலாதவாறு இறுகிக் கிடந்த அதே சுவிங்கம்.