ஒரு மனைவியின் துக்கம் ஆஸ்பத்திரி ஆன கதை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். ராஜா ராணி வரலாறு பள்ளிக்கூடத்தில் படித்தோம். நம்மைப் போல ஒரு வீட்டுப் பெண் படைத்த வரலாறும் இருக்கிறது. அதை எழுதலாம் என்று நினைத்தேன்.

அவர் பெயர் சாந்தி ரங்கநாதன். சென்னையில் பெரிய குடும்பம். கணவர் டி.டி.ரங்கநாதன், மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன். பணம், படிப்பு, கார், பங்களா எதற்கும் குறைவில்லை. ஆனாலும் குடிப்பழக்கம் அந்த வீட்டுக்குள்ளும் வந்தது. 1979-ல் சின்ன வயசிலேயே கணவர் இறந்துபோனார். குடி ஏழை வீட்டைத்தான் பிடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை.

சாந்தி அம்மா அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. "என் வீட்டுக்காரருக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேரக்கூடாது" என்கிற மாதிரி ஒரு வேலையைக் கையில் எடுத்தார். அமெரிக்காவுக்குப் போய் இந்தச் சிகிச்சையில் பயிற்சி எடுத்தார். 1980-ல் கணவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியை டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று சொல்வார்கள். செத்துப்போனவருக்குப் படம் மாட்டி மாலை போடுவது நம்ம வழக்கம். இவர் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏறி இறங்கும் ஒரு வாசலையே கட்டிவிட்டார்.

அங்கே என்ன புதுசு என்றால், குடியை ஒரு வியாதி என்று சொன்னார்கள். திமிர் என்றோ தலையெழுத்து என்றோ சொல்லவில்லை. முதலில் டாக்டர் மேற்பார்வையில் உடம்பைச் சரி பண்ணுவார்கள். அப்புறம் வாரக்கணக்கில் உட்கார வைத்துப் பேசுவார்கள். வீட்டுக்கு அனுப்பின பிறகும் திரும்ப வரச்சொல்லிப் பார்ப்பார்கள். இதோடு இன்னொன்று: மனைவிக்கும் தனியாக ஆலோசனை உண்டு. பயந்து பயந்து, பொய் சொல்லிச் சொல்லி, கடன்காரருக்குப் பதில் சொல்லி அவளும்தானே நொந்து போயிருக்கிறாள்!

எனக்கு மனசு நிறைந்தது மஞ்சக்குடி கதையில். இது திருவாரூர் பக்கத்துக் கிராமம். எல்லாரும் சென்னைக்கு வர முடியாது என்று 1989-ல் இருந்து ஊருக்கே போய் முகாம் நடத்தினார்கள். ஊர்க்காரர்களே உதவி செய்தார்கள், குடும்பத்தாரையும் கூட வைத்துக்கொண்டார்கள். குணமானவரைப் பார்த்துத்தான் அடுத்தவர் தைரியமாக வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. சாந்தி அம்மாவுக்கு 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1999-ல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் கிடைத்தது.

வெளிநாட்டிலும் இதே மாதிரி ஒரு மனைவி இருந்தார். அமெரிக்காவில் 1935-ல் குடியை விட்ட இரண்டு பேர் சேர்ந்து ஏஏ சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு ஒருவர் துணை, கட்டணம் கிடையாது. அதில் ஒருவரின் மனைவி லோயிஸ். ஆண்கள் கூட்டம் நடக்கும்போது மனைவிமார் வெளியே காத்திருப்பார்கள். காத்திருந்தவர்கள் தங்களுக்குள்ளே பேச ஆரம்பித்து, 1951-ல் குடும்பத்தாருக்கென்று தனிச் சங்கமே வந்தது. நாம் வாரா வாரம் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறோமே, அதே மாதிரிதான்.

நமக்குப் பக்கத்தில் ஆந்திராவில், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா பெண்கள் 1992-ல் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அடுத்த வருஷம் ஆந்திரா முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்தது. அந்த மாவட்டத்துப் பெண்கள்தான் பிறகு தினம் ஒரு ரூபாய் சேமிக்கும் குழுக்களையும் ஆரம்பித்தார்கள். கடையை மூட வைப்பது ஒரு வேலை. குடித்தவரை மனுஷனாக மீட்பது இன்னொரு வேலை. இரண்டுமே வேணும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்க அப்பாவுக்காக.

அப்பா நல்லவர். ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கும் நாளில் தொடவே மாட்டார். மலை இறங்கி வந்ததும் மறுபடியும் ஆரம்பித்துவிடுவார். கடைசி வருஷங்களில் விரதம்கூட இருக்க முடியவில்லை. நான் பத்தாவது பரீட்சை எழுதின வருஷம், அம்மாவும் சித்தப்பாவும் சேர்ந்து, "எப்படியும் விட வைக்கிறோம்" என்று அவரை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். ரெண்டு நாள் கை நடுங்கியது, வியர்த்தது. இல்லாத ஆளிடம் பேசினார். மூணாவது நாள் ராத்திரி வலிப்பு வந்தது. விடியும்போது அப்பா இல்லை. பூட்டின சாவி அம்மா முந்தானையிலேயே முடிந்திருந்தது. நடிக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்தோம்.

தினமும் நிறைய குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சென்னையில் அந்த ஆஸ்பத்திரி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம்ம மணவூரில் ரயில் ஏறினால் போய்விடலாம். எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அம்மா இன்றைக்கும் எந்தக் கதவையும் உள்பக்கம் தாழ் போடமாட்டார்.

அதனால் சகோதரிகளே, மூன்று விஷயம். யாரையும் பூட்டி வைக்காதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை, பொடி எதுவும் கலக்காதீர்கள், அதுவும் ஆபத்து. 14446 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். குடி மீட்புக்கு மத்திய அரசு வைத்திருக்கும் இலவச உதவி எண் அது.

தவணை கட்டாத சகோதரியைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறோம். அதற்கு முன்னால், "வீட்டில் எப்படி இருக்கு அக்கா?" என்று தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். அன்றைக்கு எங்க அம்மாவை அப்படி யாராவது கேட்டிருக்கலாம்.