ஜிடிபி: இயங்குதளங்கள்தோறும் ஒரு டிபக்கர்

ஜிடிபி என்பது க்னூ திட்டத்தின் டிபக்கர். தமிழில் இவ்வகைக் கருவியை வழுநீக்கி என்றும் பிழைத்திருத்தி என்றும் சொல்கிறோம். இரண்டு பெயருமே அதன் வேலையைச் சற்று மிகைப்படுத்துகின்றன. டிபக்கர் வழுவை நீக்குவதுமில்லை, பிழையைத் திருத்துவதுமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தும். மாறிகளில் என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும். அடுத்த வரிக்கு நகர்த்திப் பார்க்க விடும். அவ்வளவே. 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி இன்று லினக்ஸ், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி, சோலாரிஸ் எனப் பல தளங்களில் ஓடுகிறது. இயங்குதளமே இல்லாத சிறு மின்பலகைகளையும் ஆராய்கிறது. இந்தப் பட்டியலைப் பார்ப்பவர், எல்லா இடத்திலும் அது ஒரே தரத்தில் வேலை செய்யும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது சரியல்ல. ஒரு டிபக்கர் ஒரு தளத்தில் எவ்வளவு நன்றாக ஓடும் என்பது அதன் சொந்த நிரல்வரிகளைப் பொறுத்தது குறைவு. கெர்னல் எதைப் பார்க்க விடுகிறது, கம்பைலர் எதை எழுதி வைக்கிறது, தளத்தின் உரிமையாளர் எதற்கு இசைகிறார் என்ற மூன்றையும் பொறுத்தது அதிகம். ஜிடிபியின் வரலாறு முழுவதும் இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன.

தொடக்கத்தில் டிபக்கரும் இயங்குதளமும் இவ்வளவு விலகி நிற்கவில்லை. 1961-இல் எம்ஐடியில் பிடிபி-1 கணினிக்காக டிடிடி என்ற டிபக்கர் எழுதப்பட்டது. பின்னர் அங்கேயே உருவான ஐடிஎஸ் இயங்குதளத்தில், பயனர் தம் கட்டளைகளைத் தட்டும் இடமே டிடிடிதான். அங்கே நிரலை ஓட்டுவதும் அதை நிறுத்தி ஆராய்வதும் ஒரே இடத்தில் நடந்தன. யூனிக்ஸ் இந்த நெருக்கத்தை வெட்டியது. யூனிக்ஸில் டிபக்கர் மற்ற நிரல்களைப் போல ஒரு சாதாரண நிரல்; இன்னொரு புராசஸின் நினைவகத்தைத் தொட வேண்டுமானால் கெர்னலிடம் கேட்டுத்தான் தொட வேண்டும். அதற்கென 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் பிடிரேஸ் என்ற அழைப்பு வைக்கப்பட்டது. அது மிகக் குறுகலான வாசல். ஓர் அழைப்புக்கு ஒரு சொல் அளவு நினைவகம் மட்டுமே வாசிக்கலாம். தான் தொடங்கிவைத்த புராசஸை மட்டுமே ஆராயலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைப் பிடித்து நிறுத்த வழியில்லை. இக்குறையைக் கண்ட டாம் கில்லியன், பெல் ஆய்வகத்தின் எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் ஒவ்வொரு புராசஸையும் ஒரு கோப்பாகவே திறந்து வாசிக்கும் முறையை உருவாக்கி, 1984-இல் கட்டுரையாக வெளியிட்டார். சோலாரிஸ் அந்த வழியைப் பின்பற்றியது. பிஎஸ்டி குடும்பமும் லினக்ஸும் பிடிரேஸையே தத்தம் போக்கில் நீட்டிக்கொண்டன. கோப்பைத் திறப்பது, எழுதுவது, புராசஸை உண்டாக்குவது என யூனிக்ஸின் அன்றாட அழைப்புகளையெல்லாம் வரையறுத்த போசிக்ஸ் தரநிலை பிடிரேஸை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஜிடிபி சந்தித்த இடர்களில் பாதிக்கு வேர் இந்த விடுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பெர்க்லி யூனிக்ஸோடு வந்த டிபிஎக்ஸ் என்ற டிபக்கரை முன்மாதிரியாக வைத்தே ஸ்டால்மன் ஜிடிபியை எழுதினார். ஆகவே அதன் பிறப்பிலேயே யூனிக்ஸின் உலகப்பார்வை கலந்திருக்கிறது. ஒரு வரியில் நிரலை நிறுத்தும் எளிய செயலை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். இன்டெல் வகைச் செயலிகளில், நிறுத்த வேண்டிய இடத்திலுள்ள கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு 204 என்ற மதிப்புள்ள ஒற்றை பைட்டை டிபக்கர் அங்கே வைக்கிறது. செயலி அதை எட்டியதும் பொறி தட்டியதுபோல் நின்று கெர்னலிடம் முறையிடுகிறது. இதுவரை எல்லாத் தளத்துக்கும் பொது. அந்த முறையீடு டிபக்கரின் காதுக்கு எப்படி வருகிறது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. லினக்ஸில் அது ஒரு சிக்னலாக மாறி, தாய்ப் புராசஸ் காத்திருக்கும் அழைப்பின் வழியே வரும். விண்டோஸில் டிபக் நிகழ்வு என்ற தனி வரிசையில் வரும். மேக்ஓஎஸில் மாக் கெர்னல் ஒரு செய்தியாக அனுப்பும்; அங்கே பிடிரேஸ் பெயரளவில் இருந்தாலும், நினைவகத்தை வாசிக்க மாக்கின் அழைப்புகளையே நாட வேண்டும். பகிர்வு நூலகம் ஒன்று நிரலில் ஏறியதை அறிவதிலும் இதே கதைதான். விண்டோஸ் கெர்னல் அதைத் தானாகவே டிபக்கருக்குச் சொல்லிவிடுகிறது. லினக்ஸில் கெர்னலுக்கு அது தெரியாது. நூலகங்களை ஏற்றும் லிங்கருக்குள் ஜிடிபி தானே ஒரு நிறுத்தப்புள்ளியை மறைவாக வைத்துக் காத்திருக்கிறது. இந்த ஒன்றில் விண்டோஸின் ஏற்பாடு மேலானது என்று தயங்காமல் சொல்லலாம்.

மாறியின் மதிப்பு மாறும் கணத்தில் நிறுத்தும் வசதி இன்னும் தெளிவான சான்று. 1985-இல் வந்த 386 செயலி, நான்கு முகவரிகளைத் தானே கண்காணிக்கும் பதிவேடுகளைத் தந்தது. ஆனால் அவற்றில் எழுதக் கெர்னல் இடம்கொடுத்தால்தான் டிபக்கருக்குப் பயன். இடம் கிடைக்காத தளத்தில் ஜிடிபி நிரலை ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மதிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும். அப்படி ஓடும் நிரல் நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகும் என்று ஜிடிபியின் கையேடே சொல்கிறது. பயனர் தட்டும் கட்டளை இரு தளங்களிலும் ஒன்றே. ஓரிடத்தில் அது பயன்படும். மற்றோரிடத்தில் பெயருக்கு இருக்கும். லினக்ஸுக்குள்ளேயும் இப்படிப்பட்ட காலங்கள் உண்டு. பழைய லினக்ஸ்த்ரெட்ஸ் நூலகம் ஒவ்வொரு த்ரெட்டையும் தனிப் புராசஸாகவே நடத்தியதால், பல த்ரெட் கொண்ட நிரல்களை ஆராய்வது பெரும்பாடாக இருந்தது. 2003-இல் கெர்னலின் துணையோடு என்பிடிஎல் வந்த பிறகே நிலை சீரானது. அந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி ஜிடிபிக்கு வெளியே நடந்தது.

கம்பைலரின் பங்கு கெர்னலின் பங்குக்குக் குறைந்ததல்ல. இயந்திரக் கட்டளைகளில் வரி எண்ணும் கிடையாது, மாறியின் பெயரும் கிடையாது. கம்பைலர் தனியே எழுதிவைக்கும் குறிப்பேட்டிலிருந்துதான் டிபக்கர் அவற்றை அறிகிறது. தொடக்கத்தில் ஸ்டாப்ஸ் என்ற வடிவம் புழங்கியது. பிறகு டிவார்ஃப் வந்து மேலோங்கியது. அதன் ஐந்தாம் பதிப்பு 2017-இல் வெளியானது. ஜிசிசி கம்பைலர் 2023-இல் ஸ்டாப்ஸை முற்றிலும் கைவிட்டது. டிவார்ஃப் பொதுத் தரநிலையாக வெளியிடப்பட்டதால் யூனிக்ஸ் வழித் தளங்களெல்லாம் ஒரே குறிப்பேட்டை வாசிக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தன் குறிப்புகளை பிடிபி எனப்படும் தனிக்கோப்பில் எழுதுகிறது. அதன் உள்ளமைப்பு குறித்த மூலநிரலை அந்நிறுவனம் வெளியிட்டது 2015-இல்தான். அதனால் விண்டோஸில் ஜிடிபிக்கு ஒரு விந்தையான நிலை. சிக்வின், மிங்டபிள்யூ வழியாக ஜிசிசி கொண்டு தொகுத்த நிரலை அது வரிவரியாகக் காட்டும். அதே கணினியில் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தொகுத்த நிரலைத் தந்தால் வெறும் முகவரிகளைத்தான் காட்டும். கெர்னல் ஒன்று, டிபக்கர் ஒன்று. மாறியது குறிப்பேடு மட்டும்.

மூன்றாவது தரப்பான உரிமையாளரின் கை மேக்ஓஎஸில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆப்பிள் பல ஆண்டுகள் ஜிடிபியின் 6.3.50 பதிப்பிலிருந்து பிரித்தெடுத்த தன் சொந்தக் கிளையையே பயனருக்குத் தந்தது. 2007-இல் ஜிடிபி மூன்றாம் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. 2010-இல் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் பகுதியாக எல்எல்டிபி என்ற புதிய டிபக்கர் வெளிவந்தது. 2013-இல் வந்த ஆப்பிளின் நிரலாக்கத் தொகுப்பான எக்ஸ்கோடு 5-இல் ஜிடிபி இல்லை. பொதுவெளியில் கிடைக்கும் ஜிடிபியை ஒருவர் தாமே மேக்கில் நிறுவினால், ஒரு சான்றிதழை உருவாக்கி, அதைக் கொண்டு ஜிடிபியில் கையொப்பமிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கெர்னல் வேறொரு புராசஸைத் தொட விடாது. 2015-இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பு, அமைப்போடு வரும் நிரல்களை ஆராய்வதையே தடுத்தது. 2020-இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறியபோது, அவற்றில் நேரடியாக இயங்கும் ஜிடிபி இல்லாமல் போயிற்று. உரிமமும் இதில் ஒரு கண்ணி. மூன்றாம் ஜிபிஎல்லை ஏற்காத ஃப்ரீபிஎஸ்டி தன் அடிப்படைத் தொகுப்பில் 2004-இன் 6.1.1 பதிப்பையே நெடுங்காலம் வைத்திருந்து, பின்னர் எல்எல்டிபிக்கு மாறியது. லினக்ஸும் கதவை அகலத் திறந்தே வைத்திருக்கவில்லை. 2010-இல் உபுண்டு 10.10, தான் தொடங்காத புராசஸைச் சாதாரணப் பயனர் பிடித்து நிறுத்துவதைத் தடைசெய்தது. 2012-இல் யாமா என்ற பெயரில் அது கெர்னலிலேயே இடம்பெற்றது. பாதுகாப்பு நோக்கில் இத்தடைகள் நியாயமானவையே. பிறர் நினைவகத்தை வாசிக்கும் கருவி டிபக்கராகவும் இருக்கலாம், கடவுச்சொல் திருடியாகவும் இருக்கலாம். கெர்னலால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வேறுபாடு ஒன்று: லினக்ஸில் கணினியின் உரிமையாளர் ஓர் எண்ணை மாற்றித் தடையை நீக்கிக்கொள்ளலாம்.

இவற்றுக்கு நடுவே ஜிடிபி கண்ட நிலையான வழி, தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டதுதான். 1990 முதல் 1993 வரை ஜிடிபியைப் பராமரித்தவர் ஜான் கில்மோர். 1989-இல் சிக்னஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்நிறுவனத்துக்கு வேலை தந்தவர்களில் சிப் தயாரிப்பாளர்கள் முக்கியமானவர்கள். அவர்களுடைய பலகைகளில் இயங்குதளமும் இல்லை, டிபக்கர் முழுவதையும் ஏற்ற இடமும் இல்லை. ஆகவே பலகையில் ஒரு சிறு ஊழியன், மேசைக் கணினியில் முழு ஜிடிபி, இரண்டுக்கும் நடுவே ஒரு சீரியல் கேபிள் என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. கேபிளில் ஓடும் மொழி மிக எளியது: டாலர் குறியில் தொடங்கி ஹாஷ் குறியில் முடியும் பொட்டலம், பின்னால் இரண்டிலக்கச் சரிபார்ப்பு எண். பதிவேடுகளைக் கொடு, நினைவகத்தை வாசி, ஓடவிடு என்பனவற்றுக்கு ஓரெழுத்துக் கட்டளைகள். இந்த எளிமைதான் அதை நிலைநிறுத்தியது. கியூஎமு மெய்நிகர் கணினி இம்மொழியைப் பேசுகிறது. 2008-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த கேஜிடிபியும் பேசுகிறது. ஜிடிபிக்குப் போட்டியாக எழுந்த எல்எல்டிபியும் இதன் விரிவையே பயன்படுத்துகிறது. தளங்களைக் கடந்த டிபக்கர் என்ற கனவில் உண்மையாகக் கைகூடிய பகுதி இது என்பேன்.

டிபக்கரின் தரம் தளத்தைப் பொறுத்தது என்ற வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. இது ஆள்பலக் குறை மட்டுமே என்பது ஒன்று. போதிய நிரலாளர்கள் உழைத்தால் எந்தத் தளத்திலும் சமமாக ஓடவைக்கலாம் என்பார்கள். 1992-இல் நார்மன் ராம்சியும் டேவிட் ஹான்சனும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதற்கு வலு சேர்ப்பதுபோல் தோன்றும். அவர்களுடைய எல்டிபி என்ற டிபக்கர் நான்கு வகைச் செயலிகளில் ஓடியது. ஏறத்தாழ 16,000 வரிகளில் ஒவ்வொரு செயலிக்கும் தனியாக வேண்டியிருந்தவை 250 முதல் 550 வரிகள் மட்டுமே. ஆனால் அந்தச் சிக்கனம் எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும். அவர்கள் கையில் கம்பைலரும் இருந்தது. டிபக்கருக்கு வேண்டிய குறிப்பேட்டை அதையே எழுதவைத்தார்கள். கம்பைலரும் டிபக்கரும் ஒரே வீட்டில் இருந்தால் வேலை எளிதாகும் என்பதைத்தான் அந்த எண்கள் மெய்ப்பிக்கின்றன. ஆப்பிளில் எல்எல்டிபி செழித்ததற்கும் காரணம் அதுவே. ஜாவா இச்சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டதே என்பது மற்றொரு மறுப்பு. உண்மைதான், 2000-இல் வந்த ஜாவா 1.3 முதல், ஜாவா நிரலை எந்தத் தளத்திலும் ஒரேபோல ஆராயலாம். அங்கே நிறுத்துவதும் காட்டுவதும் மெய்நிகர் இயந்திரத்தின் பொறுப்பு. கெர்னலிடம் கேட்க வேண்டியதில்லை. அந்நிரல் சி மொழி நூலகம் ஒன்றை அழைத்து அதற்குள் விழுந்தாலோ, பழைய கேள்விகள் அத்தனையும் திரும்பி வந்துவிடும். எடிட்டரும் டிபக்கரும் பேசிக்கொள்ள விஎஸ் கோடு எடிட்டரோடு பரவிய டிபக் அடாப்டர் புரோட்டோகாலும் இப்படியே. 2023 இறுதியில் வந்த ஜிடிபி 14 அதைப் பேசக் கற்றது. பயனர் காணும் திரை எல்லாத் தளத்திலும் ஒன்றானது. திரைக்குக் கீழே உள்ள வேறுபாடு அப்படியே இருக்கிறது.

மொசில்லாவில் உருவாகி 2014-இல் வெளிவந்த ஆர்ஆர் என்ற கருவியை இறுதிச் சான்றாகக் காட்டலாம். நிரலின் ஓட்டம் முழுவதையும் பதிவுசெய்து, அதே ஓட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் ஓட்டி, ஜிடிபியின் கட்டளைகளால் பின்னோக்கியும் நகர்த்திப் பார்க்க அது உதவுகிறது. எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பிழையைப் பிடிக்க இதைவிட நல்ல துணை அரிது. அதை உருவாக்கக் கெர்னலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. லினக்ஸ் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த பிடிரேஸ், கெர்னல் அழைப்புகளை வடிகட்டும் செக்காம்ப், செயலியின் எண்ணிகளை வாசிக்கும் வசதி ஆகியவற்றைக் கொண்டே அதை எழுதியவர்கள் கட்டினார்கள். அந்த மூன்றும் அதே வடிவில் வேறு எந்தத் தளத்திலும் இல்லை. ஆர்ஆர் லினக்ஸில் மட்டுமே ஓடுகிறது.